ஜப்பானின் மறைந்திருந்த கிறித்தவர்கள்

ஜப்பானின் மறைந்திருந்த கிறித்தவர்கள் எனப்படுவோர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1873 வரை அந்நாட்டில் கிறித்தவ சமயம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், வெளியில் பௌத்தர்களாகப் பதிவு பெற்றுக்கொண்டு தம் வீடுகளுக்குள் கிறித்தவ நம்பிக்கையைப் பேணி வந்த மக்கள் ஆவர். இவர்களில் பெரும்பாலோர் கியூசு தீவின் நாகசாகிப் பகுதியையும் அதனை அடுத்த தீவுகளையும் சேர்ந்த உழவர்களும் மீனவர்களும் ஆவர். ஏழு தலைமுறைகளுக்கும் மேலாகக் குருக்கள், ஆலயம், அச்சிட்ட நூல் எதுவும் இன்றி இவர்கள் தம் சமயத்தை வாய்மொழியாகவே கடத்தினர்.

தடைக்கால ஜப்பானில் கிறித்தவராக வாழ்வதற்குச் செலுத்த வேண்டியிருந்த விலை மரண தண்டனை மட்டுமன்று. பொதுவிடத்தில் நம்பிக்கையை மறுத்தல், அண்டை வீட்டாரையும் பிள்ளைகளையும் ஆபத்துக்கு உள்ளாக்குதல், மன்னிப்புப் பெற வழியில்லாமல் வாழ்தல் ஆகியனவும் அவ்விலையில் அடங்கும்.

கிறித்தவத்தின் வருகை

இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமா நகரை அடைந்தார். இவர் 1542 முதல் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணியாற்றியவர். கோவாவில் திருமுழுக்குப் பெற்ற அஞ்சிரோ என்ற ஜப்பானியரும் ஸ்பானியத் துறவிகள் இருவரும் அவருடன் சென்றனர். சவேரியார் 1551இல் ஜப்பானை விட்டு நீங்கினார். அவருடைய தோழர்கள் பணியைத் தொடர்ந்தனர்.

அக்காலத்தில் ஜப்பானில் வலுவான நடுவண் அரசு இருக்கவில்லை. தைமியோ எனப்பட்ட வட்டாரத் தலைவர்கள் தமக்குள் போரிட்டு வந்தனர். போர்த்துக்கீசக் கப்பல்களின் வணிகமும் துப்பாக்கிகளும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. 1563இல் ஓமுரா சுமிதாதா திருமுழுக்குப் பெற்று முதலாவது கிறித்தவத் தைமியோ ஆனார். 1571இல் போர்த்துக்கீச வணிகத்திற்குத் திறக்கப்பட்ட நாகசாகித் துறைமுகத்தை இவர் 1580இல் இயேசு சபையினரின் ஆட்சிக்கு அளித்தார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கிறித்தவர்களின் எண்ணிக்கை சுமார் 3,00,000 என மதிப்பிடப்படுகிறது.

தடைக்கான காரணங்கள்

கிறித்தவத்தின் மீதான பகை ஒரே காரணத்தால் எழுந்ததன்று. ஓமுரா போன்ற சில தைமியோக்களின் ஆட்சிப் பகுதிகளில் பௌத்த விகாரைகளும் சின்தோ கோயில்களும் அழிக்கப்பட்டன. குடிமக்கள் மதம் மாறும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். போர்த்துக்கீச வணிகர் ஜப்பானியரை அடிமைகளாக வாங்கிச் சென்றதும் வெறுப்பை வளர்த்தது. நாட்டை ஒன்றிணைத்து வந்த ஆட்சியாளர்கள், குடிகளின் பற்றுறுதி தமக்கன்றி வேறொரு தலைமைக்கும் செல்வதை ஐயத்துடன் நோக்கினர்.

1587இல் தொயோதொமி ஹிதெயோஷி சமயப் பரப்புநர்களை நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆணையிட்டார். அவ்வாண்டில் தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்த தக்கயாமா உக்கோன் என்ற தைமியோ தம் ஆட்சிப் பகுதியை இழந்தார். எனினும் போர்த்துக்கீச வணிகம் தேவைப்பட்டதால் ஆணை முழுமையாகச் செயற்படுத்தப்படவில்லை.

ஹிதெயோஷிக்குப் பின் ஆட்சியைக் கைப்பற்றிய தொக்குகாவா இயெயாசுவின் அரசு 1612இல் தன் நேரடி ஆட்சிப் பகுதிகளிலும், 1614இல் நாடு முழுவதிலும் கிறித்தவத்தைத் தடை செய்தது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன. குருக்களும் முதன்மையான கிறித்தவர்களும் மக்காவுக்கும் மணிலாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவரான தக்கயாமா உக்கோன் மணிலாவை அடைந்து சில வாரங்களில், 1615 பெப்ரவரியில் காலமானார்.

பொதுவிடத்தில் நிறைவேற்றப்பட்ட தண்டனைகள்

1597 பெப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். இவர்களில் 20 பேர் ஜப்பானியர். மற்ற அறுவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அயல்நாட்டவர். அந்த அறுவருள் ஒருவரான கொன்சாலோ கார்சியா இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள வசையில் பிறந்தவர். கைதிகள் கியோத்தோவில் காதின் ஒரு பகுதி அறுக்கப்பட்டு, குளிர்காலத்தில் நாகசாகி வரை நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களுள் மிக இளையவரான லூயி இபராக்கிக்கு வயது 12.

1614ஆம் ஆண்டுத் தடைக்குப் பின் இத்தகைய தண்டனைகள் பெருகின. 1619இல் கியோத்தோவில் 52 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். 1622 செப்டம்பர் 10 அன்று நாகசாகியில் பெண்களும் சிறுவர்களும் உட்பட 55 பேர் எரிக்கப்பட்டோ தலை வெட்டப்பட்டோ இறந்தனர்.

இத்தண்டனைகள் அரசு எதிர்பார்த்த அச்சத்தை முழுமையாக விளைவிக்கவில்லை. மக்கள் திரளாகக் கூடி, இறப்போருடன் சேர்ந்து செபம் சொன்னார்கள். இறந்தவர்களின் எலும்புகளையும் ஆடைத் துண்டுகளையும் புனிதப் பொருள்களாகச் சேகரித்தனர். ஒருவரைக் கொல்வதால் ஒரு மறைசாட்சி உருவாகிறார் என்பதையும், அவரை மறுதலிக்கச் செய்தால் அவரைப் பின்பற்றுவோர் தளர்வர் என்பதையும் அதிகாரிகள் கண்டறிந்தனர்.

மறுதலிக்கச் செய்யும் முறைகள்

1620களின் இறுதியிலிருந்து சித்திரவதையின் நோக்கம் மாறியது. கைதியைக் கொல்லாமல் அவருடைய உறுதியை உடைப்பதே இலக்காயிற்று. உன்சென் மலையின் கொதிக்கும் வெந்நீரூற்றுகளுக்குக் கைதிகள் கொண்டுசெல்லப்பட்டு, உடலில் வெந்நீர் ஊற்றப்பட்டது. உயிர் பிரியும் நிலையை அடையாதபடி மருத்துவம் பார்க்கப்பட்டு, அவர்கள் மீண்டும் வதைக்கப்பட்டனர்.

இம்முறைகளுள் மிகக் கொடியது குழியில் தலைகீழாகத் தொங்கவிடுதல் ஆகும். கைதியின் உடல் இறுகக் கட்டப்பட்டு, தலை குழிக்குள் இருக்குமாறு தொங்கவிடப்படும். குருதி தலையில் தேங்கி விரைவில் இறந்துவிடாமல் இருக்க நெற்றிப் பொட்டில் சிறு கீறல் இடப்படும். மறுதலிக்க விரும்பினால் சைகை காட்டுவதற்காக ஒரு கை மட்டும் கட்டப்படாமல் விடப்படும்.

1633 அக்டோபரில் இயேசு சபையின் ஜப்பானியப் பணித்தளத்தின் தலைவராயிருந்த கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ரா இவ்வாறு தொங்கவிடப்பட்டு, ஐந்து மணி நேரத்திற்குப் பின் மறுதலித்தார். பின்னர் அவர் சவானோ சூவான் என்ற ஜப்பானியப் பெயரைப் பெற்று, கிறித்தவர்களை விசாரிப்பதில் அதிகாரிகளுக்கு உதவினார். அதே வேளையில் அதே தண்டனைக்கு உள்ளான நக்கவுரா ஜூலியன் மறுதலிக்காமல் இறந்தார். இவர் 1582இல் ஜப்பானிலிருந்து உரோமைக்கு அனுப்பப்பட்ட நான்கு இளைஞர்களுள் ஒருவர். நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குருவான கொனிஷி மான்சியோ 1644இல் கொல்லப்பட்டார்.

ஷிமாபாரா கிளர்ச்சி

1637இன் இறுதியில் ஷிமாபாரா தீபகற்பத்திலும் அமாகுசா தீவுகளிலும் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தாங்க முடியாத வரியும் பஞ்சமும் சமய ஒடுக்குமுறையும் இதற்குக் காரணங்களாகும். அமாகுசா ஷிரோ என்ற பதின்ம வயது இளைஞரின் தலைமையில் பெண்கள், குழந்தைகள் உட்படச் சுமார் 37,000 பேர் கைவிடப்பட்டிருந்த ஹாரா கோட்டைக்குள் புகுந்தனர். 1638 ஏப்ரலில் கோட்டை வீழ்ந்தபோது ஏறத்தாழ அனைவரும் கொல்லப்பட்டனர். தவறான ஆட்சியால் கிளர்ச்சிக்கு வழிவகுத்த ஷிமாபாராவின் தைமியோவும் தலை வெட்டப்பட்டார்.

இதன் பின் கிறித்தவர் என்ற சொல்லும் அரசுக்கு எதிரான கலகக்காரர் என்ற சொல்லும் ஆட்சியாளர் பார்வையில் ஒன்றாயின. 1639இல் போர்த்துக்கீசக் கப்பல்கள் தடை செய்யப்பட்டன. மறு ஆண்டு வணிகத்தை மீண்டும் தொடங்கக் கோரி மக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினருள் 61 பேர் கொல்லப்பட்டனர். செய்தியை எடுத்துச் செல்ல 13 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

கண்காணிப்பு அமைப்பு

தொக்குகாவா அரசு கிறித்தவர்களைக் கண்டறிய ஒன்றோடொன்று இணைந்த பல ஏற்பாடுகளைச் செய்தது.

விகாரைப் பதிவு: ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த விகாரையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தினர் கிறித்தவர் அல்லர் என்று விகாரை சான்றளிக்கும். திருமணம், பயணம், இடமாற்றம் ஆகியவற்றுக்கு இச்சான்று தேவைப்பட்டது. இறந்தவரின் ஈமச் சடங்கைப் பௌத்தத் துறவியே நடத்த வேண்டும்.

ஐந்து வீட்டுக் குழு: அண்டை வீடுகள் ஐந்து ஐந்தாகக் குழுவாக்கப்பட்டன. ஒரு வீட்டில் குற்றம் கண்டறியப்பட்டால் மற்ற நான்கு வீடுகளும் பொறுப்பேற்க வேண்டும். இதனால் ஒருவர் தம் உயிரை மட்டும் பணயம் வைத்து நம்பிக்கையை அறிக்கையிட இயலாது போயிற்று.

வெகுமதி: காட்டிக்கொடுப்போருக்கு அளிக்கப்படும் தொகை ஊர்ப் பொதுவிடங்களில் பலகையில் எழுதி வைக்கப்பட்டது. 1682ஆம் ஆண்டுப் பலகையின்படி ஒரு குருவைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளிக் காசுகள் கிடைக்கும். மறுதலித்த பின் மீண்டும் கிறித்தவராகியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 காசுகள் கிடைக்கும்.

ஃபுமியே: இயேசு அல்லது மரியாவின் உருவத்தை மிதிக்கச் செய்யும் சோதனை ஃபுமியே எனப்பட்டது. இது 1620களின் பிற்பகுதியில் நாகசாகியில் தொடங்கியது. தாள் ஓவியங்களும் மரச் சட்டங்களும் தேய்ந்துபோனதால் 1669இல் 20 பித்தளைத் தகடுகள் வார்க்கப்பட்டன. நாகசாகியில் புத்தாண்டை ஒட்டி ஆண்டுதோறும் வீட்டிலுள்ளோர் அனைவரும், கைக்குழந்தைகள் உட்பட, இத்தகட்டின் மீது கால் வைக்க வேண்டியிருந்தது. இச்சோதனை 1850களின் பிற்பகுதியிலேயே கைவிடப்பட்டது.

வழித்தோன்றல் பதிவு: ஒருவர் மறுதலித்து விடுதலை பெற்றாலும் ஐயம் நீங்குவதில்லை. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தனிப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, அவர்களுடைய பிறப்பும் இறப்பும் இடமாற்றமும் பல தலைமுறைகளுக்குக் கண்காணிக்கப்பட்டன.

குருக்கள் இல்லாத சமயம்

கத்தோலிக்க சமயத்தின் திருவருட்சாதனங்கள் பெரும்பாலானவற்றுக்குக் குரு தேவை. குருக்கள் இல்லாதபோது திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் நின்றுபோயின. தேவை ஏற்படின் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்ற விதி உள்ளதால் திருமுழுக்கு மட்டும் நிலைத்தது. உராகாமி, சொதோமே போன்ற ஊர்களில் திருநாள்களைக் கணக்கிடும் நாட்காட்டிப் பொறுப்பாளர், திருமுழுக்கு அளிப்பவர், செய்திகளை வீடுகளுக்குத் தெரிவிப்பவர் எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன.

செபங்கள் ஒராஷோ எனப்பட்டன. இச்சொல் செபம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலத்தீன், போர்த்துக்கீசச் சொற்கள் கலந்த இச்செபங்கள் வாய்மொழியாகவே கற்பிக்கப்பட்டதால், காலப்போக்கில் அவற்றின் சொற்கள் உருமாறின, பொருளும் மறந்துபோயிற்று. குழந்தையை ஏந்திய கன்னோன் என்ற பௌத்த உருவத்தை மரியாவாகக் கருதி வணங்கினர். இவ்வுருவங்கள் இன்று மரியா கன்னோன் எனப்படுகின்றன. இக்கித்சுக்கித் தீவில் புனிதப் படங்கள் வீட்டின் உள்ளறையில் மறைத்து வைக்கப்பட்டன.

ஈமச் சடங்கிலும் இரட்டை வாழ்வு இருந்தது. பௌத்தத் துறவி ஒரு அறையில் சூத்திரம் ஓதும்போது, அடுத்த அறையில் சிலர் அதன் பயனை நீக்குவதற்கான செபத்தை மெல்லிய குரலில் சொல்வர்.

மறுதலிப்பும் மன்னிப்பும்

ஆண்டுதோறும் ஃபுமியே தகட்டை மிதித்தவர்களுக்கு அச்செயல் பெரும் பாவமாகவே இருந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவும் இல்லை. இந்நிலையில் அவர்களுக்குத் துணையாக அமைந்தது கொஞ்சிரிசான் என்ற செபமாகும். தமிழ்க் கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாபம் என்று அழைக்கும் கருத்தையே இச்சொல் குறிக்கிறது. தண்டனைக்கு அஞ்சியன்றி, இறைவன் மீதுள்ள அன்பினால் மனம் வருந்துபவர், பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியுடன் இருந்தால் குரு இல்லாத இடத்திலும் மன்னிப்புப் பெறுவார் என்பது இதன் அடிப்படை. இதனை விளக்கும் சிறுநூல் ஒன்று 1603இல் ஜப்பானில் வெளியிடப்பட்டிருந்தது. நூல் மறைந்த பின்னும் அதன் செபத்தை மக்கள் மனனம் செய்திருந்தனர். தகட்டை மிதித்துவிட்டு வீடு திரும்பியதும் அதனைச் சொன்னார்கள்.

கண்டறியப்பட்ட நிகழ்வுகள்

மறைந்திருந்த ஒரு கிறித்தவ ஊர் கண்டறியப்பட்டு அழிவதை ஜப்பானியர் 'சரிவு' எனப் பொருள்படும் குசுரே என்ற சொல்லால் குறித்தனர். 1657இல் ஓமுராவின் கோரி பகுதியில் 600க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டு, 400க்கும் மேற்பட்டோர் தலை வெட்டப்பட்டனர். இறந்தவர்கள் உயிர்த்தெழுவர் என்ற அச்சத்தால் தலைகளும் உடல்களும் தனித்தனி இடங்களில் புதைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

எல்லா நிகழ்வுகளும் கொலையில் முடியவில்லை. 1805இல் அமாகுசாவில் 5,000க்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டபோது, அவர்கள் கிறித்தவர் அல்லர், முன்னோரின் விசித்திரமான வழக்கத்தைப் பின்பற்றுவோரே என்று அதிகாரிகள் முடிவு செய்து அவர்களை மன்னித்தனர். இத்தனை பேரைத் தண்டித்தால் நிலத்தை உழுவதற்கும் வரி செலுத்துவதற்கும் ஆள் இராது.

1797 முதல் ஓமுராவிலிருந்து பல உழவர் குடும்பங்கள் கோதோ தீவுகளில் குடியேறின. இவர்களில் பெரும்பாலோர் மறைந்திருந்த கிறித்தவர்களே. நல்ல நிலங்கள் ஏற்கெனவே பிறருக்கு உரியனவாக இருந்ததால், செங்குத்தான மலைச்சரிவுகளும் ஒதுக்குப்புறமான கரைகளுமே இவர்களுக்குக் கிடைத்தன.

1865ஆம் ஆண்டுச் சந்திப்பு

ஜப்பான் அயல்நாடுகளுடன் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், நாகசாகியில் வாழ்ந்த அயல்நாட்டவருக்காகப் பிரெஞ்சுக் குருக்கள் ஓவுரா ஆலயத்தைக் கட்டினர். 1865 மார்ச் 17 அன்று உராகாமி ஊரைச் சேர்ந்த சிலர் ஆலயத்தைப் பார்வையிடுவோர் போல வந்தனர். அவர்களுள் ஒரு பெண், தங்கள் உள்ளமும் குருவின் உள்ளமும் ஒன்றே என்று பெர்னார் பெத்திஜான் என்ற குருவிடம் மெல்லச் சொல்லி, மரியாவின் உருவம் எங்கே உள்ளது என்று வினவினார். கிறித்தவம் ஜப்பானியரிடையே அற்றுப்போகவில்லை என்பது இதனால் தெரியவந்தது.

அப்போதும் தடை நடைமுறையில் இருந்தது. ஆகவே அப்பெண்ணின் சொற்கள் அவரையும் ஊர் முழுவதையும் சிறைக்கு அனுப்பக் கூடியவையாக இருந்தன.

உராகாமி நாடுகடத்தல்

1867இல் உராகாமி மக்கள் பௌத்தத் துறவியை அழைக்காமல் தம் இறந்தோரைத் தாமே அடக்கம் செய்தனர். இதன் தொடர்ச்சியாக ஜூலை 15 அன்று விடியுமுன் 68 பேர் கைது செய்யப்பட்டனர். சித்திரவதையில் பெரும்பாலோர் மறுதலித்தனர். தக்காகி சென்எமோன் என்பவர் இறுதிவரை மறுதலிக்கவில்லை. மறுதலித்து ஊர் திரும்பியவர்கள் பின்னர் ஊர்த் தலைவரிடம் சென்று தம் மறுதலிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

1868இல் ஷோகன் ஆட்சியை அகற்றிப் பதவியேற்ற மெய்ஜி அரசும் தடையை நீட்டித்தது. அவ்வாண்டில் 114 பேரும், 1870இன் தொடக்கத்தில் ஊரின் எஞ்சிய மக்களும் சுமார் 20 ஆட்சிப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். மொத்தம் சுமார் 3,400 பேர் இவ்வாறு நாடுகடத்தப்பட்டனர். 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். த்சுவானோவில் கைதிகள் நிற்கவோ படுக்கவோ இயலாத மூன்றடிக் கூண்டுகளில் அடைக்கப்பட்டனர். குளிர்காலத்தில் பனி உறைந்த குளத்தில் அமிழ்த்தப்பட்டனர். 1868இல் கோதோவின் ஹிசாகாத் தீவில் சுமார் 200 பேர், 20 சதுர மீட்டர் அளவேயான ஒரு கட்டிடத்தில் எட்டு மாதங்கள் அடைக்கப்பட்டனர். அவர்களில் சுமார் 40 பேர் இறந்தனர்.

மேலைநாடுகளின் எதிர்ப்பு வலுத்ததால், 1873 பெப்ரவரி 24 அன்று கிறித்தவத் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. உராகாமி மக்கள் ஊர் திரும்பினர். தம் நாடுகடத்தலை அவர்கள் 'பயணம்' எனப் பொருள்படும் தபி என்ற சொல்லால் குறிப்பிட்டனர்.

தடை நீங்கிய பின்

தடை நீங்கிய பின் மறைந்திருந்தோரில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தனர். மற்றொரு பகுதியினர் இணையாமல் முன்னோரின் வழக்கங்களையே தொடர்ந்தனர். ஆய்வாளர்கள் தடைக்காலத்தில் வாழ்ந்தவர்களைச் செம்புக்கு கிரிஷித்தான் என்றும், தடை நீங்கிய பின்னும் இணையாதவர்களைக் ககுரே கிரிஷித்தான் என்றும் வேறுபடுத்துவதுண்டு. திருச்சபையில் இணைவது முன்னோரின் பௌத்த நினைவுச் சின்னங்களைக் கைவிடுவதாகும் என்றும், அம்முன்னோர் துன்புற்றுக் காத்ததைப் போதாதது என்று ஒப்புக்கொள்வதாகும் என்றும் இரண்டாம் பிரிவினர் கருதினர். இக்கித்சுக்கி முதலிய இடங்களில் இவர்களின் குழுக்கள் பெரிதும் சுருங்கிவிட்டன.

உராகாமியின் கிறித்தவர்கள், முன்பு ஃபுமியே சோதனை நடைபெற்ற ஊர்த் தலைவரின் வீட்டு நிலத்தை வாங்கி, அங்கே 1895 முதல் 1914 வரை பேராலயம் ஒன்றைக் கட்டினர். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின் மீது வீசப்பட்ட அணுகுண்டு இதிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் வெடித்தது. பேராலயம் அழிந்தது, உராகாமியின் சுமார் 12,000 கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தனர்.

நினைவும் மதிப்பீடும்

1597இல் கொல்லப்பட்ட 26 பேருக்குத் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1862இல் புனிதர் பட்டம் அளித்தார். 1867இல் 205 பேருக்கும், நக்கவுரா ஜூலியன் உட்பட 188 பேருக்கு 2008இல் நாகசாகியிலும், தக்கயாமா உக்கோனுக்கு 2017இலும் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு சமயச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. 2018இல் நாகசாகிப் பகுதியின் மறைந்திருந்த கிறித்தவர்களுக்குரிய 12 இடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

மறுதலித்தோரின் நிலை வரலாற்றிலும் இலக்கியத்திலும் தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது. ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் எந்தோ ஷூசாக்கு 1966இல் வெளியிட்ட மௌனம் என்ற புதினம் இதனையே கருவாகக் கொண்டது. மார்ட்டின் ஸ்கோர்செசி இதனை 2016இல் திரைப்படமாக்கினார்.

மறைசாட்சிகளின் பட்டியல்களில் தகட்டை மிதித்தவர்களின் பெயர்கள் இல்லை. எனினும் மிதிக்க மறுத்தோரின் குடும்பங்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டதால், 1865இல் ஓவுரா ஆலயத்திற்கு வந்தவர்கள் மிதித்தவர்களின் வழித்தோன்றல்களே ஆவர். தம் நம்பிக்கையை ஆண்டுதோறும் வெளியில் மறுத்தவர்களே அதனைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தனர் என்பதை ஜப்பானியக் கிறித்தவ வரலாறு காட்டுகிறது.